வீடு நகரும், டாக்டர் நகரமாட்டார்: அமெரிக்காவில் ஆர்வியிலேயே குடியிருப்பவர்கள் அன்றாட வேலைகளை முடிப்பது எப்படி?

ஆர்வி என்பது படுக்கை, சமையலறையோடு வீடாகவே அமைந்த வண்டி. அந்த ஆர்வி வாழ்க்கை பற்றி வரும் வீடியோக்களில் கிராண்ட் கேன்யன் சூரிய உதயம் இருக்கும். கடைவாய்ப் பல் வலி இருக்காது. லைசென்ஸ் காலாவதி, ரத்தப் பரிசோதனை, கேஸ் சிலிண்டர், பாங்க்கிலிருந்து வரும் புது டெபிட் கார்டு எதுவும் இருக்காது. வீட்டை விற்றுவிட்டு டிரக்கின் பின்தளத்தில் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் குடியேறியபின் எங்களிடம் பலர் கேட்பது, "எங்கெல்லாம் போனீர்கள்?" என்று. கேட்க வேண்டிய கேள்வி, "பல்லுக்கு எங்கே போகிறீர்கள்?" என்பதுதான்.

அமெரிக்காவில் நிலையான முகவரி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், பாங்க், வாக்குரிமை, வரி, மருந்துச் சீட்டு எல்லாமே ஏதோ ஒரு அஞ்சல் எண்ணில், அதாவது ஜிப் கோடில்தான் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, சுற்றாத ஒரு இடத்தை உண்டாக்கிக்கொள்வது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்தின்மேல்தான் நிற்கின்றன. எங்கே போவது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, போகும் ஊரில் டாக்டரைத் தேடினால் ஆண்டு முழுவதும் அலைச்சல். அப்பாயின்ட்மென்ட்களை முதலில் போட்டுவிட்டு, அவற்றைச் சுற்றிப் பயணத்தை அமைத்தால் நிம்மதி.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது. அந்த விசா நீங்கள் வேலை செய்யும் பெருநகரப் பகுதியோடு பிணைந்தது. அதைத் தாண்டி இடம் மாறினால் நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மாதத்துக்கு ஒரு மாநிலம் என்றால் எந்த நிறுவனமும் சம்மதிக்காது. கிரீன் கார்டு வரும்வரை விடுமுறைப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மாநிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்

முழுநேர ஆர்வி வாசிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவை டெக்சஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோட்டா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. மூன்றிலும் ஆர்விக்காரர்களுக்கென்றே தபால் பெற்று அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் எஸ்கேபீஸ் ஆர்வி கிளப், ஃப்ளோரிடாவில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் செயின்ட் பிரெண்டன்ஸ் ஐல், சவுத் டகோட்டாவில் ராப்பிட் சிட்டிக்கு அருகே பாக்ஸ் எல்டரில் அமெரிக்காஸ் மெயில்பாக்ஸ். அவர்கள் கொடுக்கும் முகவரிதான் இனி உங்கள் முகவரி.

மூன்றில் எது? பலர் வரியைப் பார்க்கிறார்கள். மூன்றிலும் வரி ஒன்றுதான், அதாவது பூஜ்யம். நீங்கள் பார்க்க வேண்டியது உடல்நலக் காப்பீடு. 65 வயதுக்குக் கீழே இருந்து, நிறுவனத்தின் காப்பீடும் இல்லாமல், மார்க்கெட்பிளேஸ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தையில் சொந்தமாக வாங்குகிறீர்கள் என்றால் நீங்கள் வாங்கக்கூடிய திட்டத்தை உங்கள் ஜிப் கோடுதான் தீர்மானிக்கிறது. டெக்சஸில் தனிநபர் திட்டங்கள் பெரும்பாலும் எச்எம்ஓ அல்லது ஈபிஓ வகை, அதாவது திட்டத்தின் பட்டியலில் (நெட்வொர்க்) உள்ள மருத்துவர்களிடம் மட்டும் செல்பவை. அவசர சிகிச்சையைத் தவிர வெளிமாநிலத்தில் செல்லாது. ஃப்ளோரிடாவைப் பலர் எடுப்பதற்குக் காரணம், அங்கே ஃப்ளோரிடா ப்ளூ என்ற ப்ளூ கிராஸ் காப்பீட்டு நிறுவனத்தின் சில திட்டங்கள் மற்ற மாநிலங்களின் ப்ளூ கிராஸ் மருத்துவர்களிடமும் செல்லும் என்பதுதான். வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட திட்டத்தின் நெட்வொர்க்கை அந்த ஆண்டுக்கே சரிபாருங்கள். சென்ற ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இருக்கும் என்று நம்ப வேண்டாம். வேலை செய்யும் நிறுவனத்தின் பிபிஓ திட்டம் (நெட்வொர்க்குக்கு வெளியேயும் செல்லும் வகை) இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

சவுத் டகோட்டாவின் கவர்ச்சி வேறு. கேம்ப்கிரவுண்டில் ஒரு ராத்திரி தங்கிய ரசீதைக் காட்டியே லைசென்ஸ் எடுக்கலாம் என்பதால் அது புகழ்பெற்றது. ஆனால் வாக்காளர் பதிவு விதியைச் சமீப ஆண்டுகளில் இறுக்கிவிட்டார்கள். ஓட்டு முக்கியம் என்று நினைப்பவர்கள் அதைத் தனியாக விசாரித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் எடுத்தது டெக்சஸ். லைசென்ஸ் பொதுவாக 8 ஆண்டு செல்லும். 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புப் பரிசோதனையை அங்கே எடுத்துவிட்டார்கள். புகைப் பரிசோதனை சில கவுண்டிகளில் (மாவட்டங்களில்) மட்டும் தொடர்கிறது. லிவிங்ஸ்டன் இருக்கும் போல்க் கவுண்டி அவற்றில் இல்லை. இதனால் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க நாங்கள் எங்கிருந்தாலும் ஊர் திரும்ப வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுத்து, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 26,000 பவுண்டைத் தாண்டினால் டெக்சஸில் வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். பெரிய ஃபிஃப்த் வீல்கள் சர்வசாதாரணமாக அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. டிரெய்லர் விற்கும் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

இப்போது காகித வேலை. தபால் நிறுவனத்தோடு சேரும்போது அமெரிக்கத் தபால் துறையான யூஎஸ்பிஎஸ்ஸின் 1583 படிவத்தைப் பூர்த்திசெய்து நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். இது உங்கள் தபாலை அவர்கள் வாங்கிக்கொள்ள நீங்கள் தரும் அனுமதி. இணையவழி நோட்டரி மூலமே முடித்துவிடலாம்.

பாங்க்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தபால் நிறுவன முகவரியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, "குடியிருக்கும் முகவரி வேண்டும்" என்று கேட்கும். வாடிக்கையாளர் அடையாள விதியிலேயே இதற்கு வழி இருக்கிறது: குடியிருப்பு முகவரி இல்லாதவர்கள் நெருங்கிய உறவினர் அல்லது தொடர்பில் இருக்கும் ஒருவரின் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகச் சொல்லுங்கள். சௌகரியம், வீட்டை விடுவதற்கு முன்பே வேண்டிய கணக்குகளை எல்லாம் திறந்து வைத்துக்கொள்வது. இருக்கும் கணக்கில் தபால் முகவரியை மாற்றுவது, புதுக் கணக்கு திறப்பதைவிட எவ்வளவோ எளிது. செக் வந்தால் போனில் படம் பிடித்துப் போட்டுக்கொள்ளலாம். சிற்றூர்களில் ஏடிஎம் கட்டணம் உறுத்தினால் சார்ல்ஸ் ஷ்வாப் போல அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரும் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவம் வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் தங்கியிருக்கும் இடத்துக்கும் தபால் முகவரிக்கும் தனித்தனி இடம் உண்டு. இணையத்தில் சில நிமிட வேலை. இதைச் சோம்பலில் விடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்கும் ஓசிஐ விண்ணப்பத்துக்கும் எந்தத் தூதரகம் என்பதை நீங்கள் வசிக்கும் மாநிலம்தான் முடிவுசெய்யும்: டெக்சஸ் என்றால் ஹூஸ்டன், ஃப்ளோரிடா என்றால் அட்லாண்டா. முகவரிச் சான்றாக லைசென்ஸைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால், லைசென்ஸ் முகவரியை மாற்றியபிறகு பாஸ்போர்ட் வேலையைத் தொடங்குங்கள்.

வரி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "டெக்சஸ்காரன் ஆகிவிட்டேன், இனி மாநில வரி இல்லை" என்று நினைத்துக்கொண்டு கலிஃபோர்னியா கடற்கரையில் மூன்று மாதம் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்தால், அந்த மூன்று மாதச் சம்பளத்துக்கு கலிஃபோர்னியா வரி கேட்கும். உடல் எங்கே இருந்து வேலை செய்கிறதோ அங்கே வரி. எந்தத் தேதியில் எந்த மாநிலம் என்று ஒரு ஷீட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். இது பிற்பாடு பல இடங்களில் கைகொடுக்கும்.

படி 2: ஒரு ஊர், ஒரு மாதம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ஆண்டுக்கு ஒரு மாதத்தை வேலை மாதமாக ஒதுக்கி, அதை ஒவ்வொரு ஆண்டும் அதே ஊரில் கழியுங்கள்.

எங்களுக்கு அந்த ஊர் ஹூஸ்டன். லிவிங்ஸ்டன் அதற்கு வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிறது. காப்பீட்டு நெட்வொர்க் அங்கே செல்லும். இந்தியத் தூதரகம் அங்கேயே இருக்கிறது. ஹில்கிராஃப்ட் சாலையில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே பியர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில். பிப்ரவரி மாதம் குளிரும் இல்லை, ஹூஸ்டனின் பேர்போன புழுக்கமும் இல்லை. ஃப்ளோரிடாக்காரர்கள் ஜாக்சன்வில் அல்லது டாம்பாவைப் பார்க்கலாம். உங்கள் காப்பீடு எந்த ஊரில் முழுதாகச் செல்லுகிறதோ அதுவே உங்கள் ஊர்.

வரிசை இப்படி:

ஊரை விட்டுக் கிளம்பும்போதே அடுத்த ஆண்டுக்கான அப்பாயின்ட்மென்ட்களைப் போட்டுவிடுங்கள். பொது மருத்துவர், கண், பல், பெண்களுக்கு மாமோகிராம் (மார்பகப் பரிசோதனை), தோல் மருத்துவர். ஏற்கெனவே வந்த நோயாளிக்கு அடுத்த ஆண்டுக்கு நேரம் கொடுப்பதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. புது நோயாளிக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருப்பு.

அப்பாயின்ட்மென்ட் உறுதியானதும் ஆர்வி பார்க்கில் மாத வாடகைக்கு இடம் பிடியுங்கள். தினசரிக் கணக்கைவிட மாதக் கணக்கு பல பார்க்குகளில் கணிசமாகக் குறைவு. மின்சாரம் மட்டும் மீட்டர்படி தனி. குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் கூட்டம் பெரிது என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

மாதத்துக்குள் எதை முதலில் வைப்பது என்பதும் முக்கியம். முதல் வாரம் ரத்தப் பரிசோதனையும் பல் சுத்தம் செய்வதும். காரணம், ரத்தத்தில் ஏதாவது கூடக்குறைய இருந்தால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க மூன்று வாரம் கையில் இருக்கும். பல்லுக்கு கிரவுன் (பல்லின்மேல் பொருத்தும் உறை) போட வேண்டும் என்றால் தற்காலிக கிரவுன் போட்டு நிரந்தரமானது வர இரண்டு மூன்று வாரம் எடுக்கும். கடைசி வாரத்தில் பல் டாக்டரிடம் போய், தற்காலிக கிரவுனோடு நியூ மெக்சிகோ பாலைவனத்துக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாரம் கண், தோல், தடுப்பூசி. மூன்றாம் வாரம் அரசாங்க வேலைகள். நான்காம் வாரத்தில் எதையும் போடாதீர்கள். தள்ளிப்போனவை எல்லாம் அங்கேதான் வந்து விழும்.

இந்த ஒரு மாதம் சுற்றுலாவே கிடையாது. இதை ஏற்றுக்கொள்ள என் மனைவிக்கும் எனக்கும் கொஞ்சம் காலம் பிடித்தது. மற்ற பதினோரு மாதம் சுதந்திரமாக இருப்பது இதனால்தான்.

படி 3: நடுவழியில் உடம்புக்கு வந்தால்

வேலை மாதத்துக்கு வெளியே வரும் நோய்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சளி, காதுவலி, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குத் தொலைமருத்துவம் போதும். ஆனால் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. நோயாளி அந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநிலத்தில் டாக்டருக்கு உரிமம் இருக்க வேண்டும். உங்கள் ஹூஸ்டன் டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நீங்கள் யூட்டாவில் இருந்து வீடியோவில் வந்தால், அங்கே உரிமம் இல்லையென்றால் பார்க்க மறுத்துவிடலாம். எல்லா மாநிலங்களிலும் டாக்டர்கள் வைத்திருக்கும் தேசிய தொலைமருத்துவச் சேவை ஒன்றில் முன்கூட்டியே கணக்குத் திறந்து வையுங்கள். மனநல ஆலோசகரிடம் வாராவாரம் பேசுகிறவர்கள் கிளம்புமுன்பே, "நான் போகப்போகும் மாநிலங்களில் உங்களுக்கு உரிமம் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

தையல், எக்ஸ்ரே, நரம்பில் ஏற்றும் ஐவி தேவைப்பட்டால் அர்ஜென்ட் கேர், அதாவது அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போகக்கூடிய சிறு மருத்துவமனை. ஒவ்வொரு புது ஊரிலும் டிரெய்லரை நிறுத்தி, லெவல் செய்து, பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடைத் திறந்தபின் முதல் காரியமாக அருகிலுள்ள அர்ஜென்ட் கேரையும் அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையையும் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். நெவாடா, மான்டானா போன்ற இடங்களில் இரண்டுக்கும் நடுவே நூறு மைல் இருக்கக்கூடும்.

உயிருக்கு ஆபத்து என்றால் எந்த மாநிலம், எந்த நெட்வொர்க் என்று பார்க்கவே வேண்டாம். அவசர சிகிச்சையை மார்க்கெட்பிளேஸ் திட்டங்கள் எங்கே இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நெட்வொர்க்குக்கு வெளியே என்று சொல்லிக் கூடுதல் பில் அனுப்புவதையும் 2022 முதல் சட்டம் தடுக்கிறது. தரைவழி ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அவசர உதவிக்கு 911 அழைத்தால், "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பார்க்கின் தெரு முகவரி, உங்கள் சைட் எண் (வண்டி நிற்கும் இடத்தின் எண்), உள்ளே வரும் கேட் கோடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டுங்கள். ஊர் மாறும்போதெல்லாம் தாளை மாற்றுங்கள். பொது நிலத்தில் இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை. வைஃபை காலிங் பயன்படுத்துபவர்கள் போனில் பதிந்துள்ள அவசர முகவரியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அரிசோனாவில் இருந்து நீங்கள் கூப்பிட, பழைய வீட்டு வாசலில் போய் ஆம்புலன்ஸ் நிற்கக்கூடும்.

மருந்துகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று தினசரி எடுப்பவர்கள் வால்கிரீன்ஸ், சிவிஎஸ், வால்மார்ட் மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே சங்கிலிக் கடை என்றால் உங்கள் பதிவு எல்லாக் கிளைகளிலும் தெரியும். "இந்த மருந்தை பீனிக்ஸ் கிளைக்கு மாற்றுங்கள்" என்று ஆப்பிலேயே முடியும். டாக்டரிடம் 90 நாள் சீட்டு கேளுங்கள். கெடுபிடியானவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்தான். ஏடிஎச்டி (கவனக் குறைபாடு) மாத்திரைகள் போன்ற இரண்டாம் அட்டவணை மருந்துகளுக்கு ரீஃபில் கிடையாது; வெளிமாநிலச் சீட்டைப் பார்த்ததும் சில ஃபார்மசிஸ்டுகள் தயங்குவார்கள். அந்த மருந்து எடுப்பவர்கள் பயணத்தையே அதன் தேதியைச் சுற்றி அமைக்க வேண்டியிருக்கும்.

மருத்துவப் பதிவுகளை டாக்டரின் போர்ட்டலை நம்பி விடாமல் பிடிஎஃப் ஆக இறக்கிப் போனிலேயே வையுங்கள். சிக்னல் இல்லாத மருத்துவமனை வரவேற்பறைகள் நிறைய இருக்கின்றன.

பல்லுக்கு மெக்சிகோ போவது பற்றி எல்லோரும் கேட்பார்கள். அரிசோனாவின் யூமாவுக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் லோஸ் அல்கோடோனஸ் என்ற சிற்றூர் முழுக்கப் பல் மருத்துவமனைகள், கண்ணாடிக் கடைகள், மருந்துக் கடைகள். குளிர்காலத்தில் ஆர்விக்காரர்கள் வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போய் வருகிறார்கள். கிரவுன், இம்பிளான்ட் எல்லாம் அமெரிக்க விலையில் ஒரு பகுதிதான். கிரீன் கார்டுக்காரர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டையும் கார்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். என் அபிப்பிராயம்: சுத்தம் செய்வது, ஒரு கிரவுன் என்றால் தாராளமாகப் போகலாம். பல கட்டமாக நடக்கும் பெரிய சிகிச்சைக்கு, பிரச்சினை வந்தால் திரும்பிப் போகக்கூடிய தூரத்திலேயே நீங்கள் இருக்கப்போகிறீர்களா என்று யோசித்துவிட்டுப் போங்கள்.

பெற்றோர் மெடிகேரில், அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீட்டில், இருந்தால் ஒரு வார்த்தை. ஒரிஜினல் மெடிகேர், அதை ஏற்கும் எந்த மாநில டாக்டரிடமும் செல்லும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் உள்ளூர் நெட்வொர்க். சுற்றுகிறவர்களுக்கு முதலாவதுதான் சரி.

படி 4: தபாலும் பார்சலும்

"ஏம்ப்பா, உனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்னா எந்த ஊருக்கு அனுப்பறது?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்கும்போதெல்லாம் லிவிங்ஸ்டன் முகவரியைத்தான் சொல்கிறேன். தபால் நிறுவனம் உறையின் படத்தை எடுத்து இணையத்தில் போடும். திறந்து ஸ்கேன் செய்யவா, அனுப்பவா, கிழித்துப்போடவா என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலானவற்றுக்குக் கிழித்துப்போடுவதுதான் பதில். ஜூரி அழைப்பு, வாக்குச் சீட்டு, காப்பீட்டுக் கடிதங்களை மட்டும் உடனே பாருங்கள். ஜூரி அழைப்புக்குப் பதில் போடாமல் இருப்பது நல்லதல்ல.

காகிதமாகவே கைக்கு வர வேண்டியவற்றுக்கு, உதாரணமாக டெபிட் கார்டு, பாஸ்போர்ட், ரிஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர், ஜெனரல் டெலிவரி என்ற பழைய வசதி இருக்கிறது. உங்கள் பெயர், அடுத்த வரியில் ஜெனரல் டெலிவரி, அதற்கடுத்து ஊர், மாநிலம், ஜிப் கோடு, அதோடு 9999. அந்த ஊர்த் தபால் நிலையம் 30 நாள் வரை வைத்திருக்கும். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். பெருநகரத்தில் ஒரே ஒரு கிளைதான் இந்த வேலையைச் செய்யும், அது நகர நடுவில் டிரக் நிறுத்த இடமில்லாத தெருவில் இருக்கும். சிற்றூரைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பச் சொல்லுமுன் அந்தத் தபால் நிலையத்துக்குப் போன் போட்டு வேலை நேரத்தைக் கேளுங்கள். மதியம் மூடுபவை உண்டு. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் பார்சல்களை இந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

அமேசானுக்கு லாக்கர்தான் எளிது, அதாவது நாமே போய்த் திறந்து பார்சலை எடுத்துக்கொள்ளும் பெட்டி. வந்ததிலிருந்து மூன்று நாள் அவகாசம், அவ்வளவுதான். நாலாம் நாள் திரும்பிப் போய்விடும். ஊர் சேரும் தேதி உறுதியான பிறகே ஆர்டர் போடுங்கள். பார்க் அலுவலகத்துக்கு அனுப்புவதென்றால் வாங்கிவைப்பார்களா என்று முதலில் கேளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் சைட் எண்ணைப் போடுங்கள்.

படி 5: வாரத்தில் ஒரு நாள்

ஓட்டும் நாளில் வேறு வேலை வைக்கக் கூடாது. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து ஐம்பது அடியைத் தாண்டும். அதை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குள் நுழைந்தால் வெளியே வருவது வேறொருவர் கையில் இருக்கும். டிரெய்லர் இணைந்திருக்கும்போதே முடிக்க வேண்டியவை இரண்டுதான்: டம்ப் ஸ்டேஷனும் டீசலும். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய டிரெய்லரே போக வேண்டும் என்பதால் அதைக் கிளம்பும் காலையில் செய்யுங்கள். டீசலுக்கு ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற டிரக் நிறுத்தங்கள். அங்கே லாரிகளுக்கான பாதையில் திரும்புவதற்கு இடம் தாராளம். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் கழிவுநீர் இணைப்பில்லாமல் நின்றால் ஹனி வேகன் என்று ஒரு வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

மற்றவை எல்லாவற்றுக்கும் வாரத்தில் ஒரு நாள், டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு டிரக்கில் மட்டும். மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் இழுத்துவரும் சின்னக் காரில் போவார்கள்.

எங்கள் வரிசை: காலையில் லாண்ட்ரோமேட், அதாவது நாணயம் போட்டுத் துணி துவைக்கும் கடை. செவ்வாய், புதன் காலை என்றால் கூட்டம் இருக்காது. ஞாயிறு என்றால் நாள் போய்விடும். கால் டாலர் நாணயங்களை பாங்க்கில் பத்து டாலர் உருளையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணி சுழலும் நேரத்தில் ஃபார்மசி, முடிவெட்டு. பிறகு கேஸ். கடைவாசல் கூண்டில் சிலிண்டரை மாற்றிக் கொடுப்பவர்களிடம் 20 பவுண்டு சிலிண்டரில் 15 பவுண்டுதான் இருக்கும். டிராக்டர் சப்ளை, யூ-ஹால் போன்ற இடங்களில் நிரப்பினால் முழுதாகக் கிடைக்கும். சிலிண்டரின் கழுத்தில் பொறித்துள்ள தயாரிப்புத் தேதியிலிருந்து 12 ஆண்டு ஆகிவிட்டால் மறுசான்று இல்லாமல் நிரப்பமாட்டார்கள். பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள். மளிகை கடைசியில். இல்லாவிட்டால் தயிர் டிரக்கிலேயே புளிக்கும்.

மளிகைக்கு வால்மார்ட் எங்கும் உண்டு. உளுத்தம்பருப்பு எங்கும் இல்லை. நம் சாமான்களைப் பெருநகரைக் கடக்கும்போது மொத்தமாக வாங்குவதுதான் வழி. டல்லாஸ், பீனிக்ஸ், டென்வர் வழியாகப் போகும்போது இட்லி அரிசி, உளுந்து, புளி, மிளகாய் எல்லாம் இரண்டு மாதத்துக்கு. கறிவேப்பிலையை உருவிக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் நிற்கும். அரிசி மூட்டைக்கும் எடை உண்டு என்பதை மறக்காதீர்கள்: டிரெய்லர் கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு சாமான் ஏற்றலாம் என்று இருக்கும். வெட் கிரைண்டர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: மின்சாரம் ஒரு பிரச்சினையே இல்லை, மேசைமேல் வைக்கும் சின்ன கிரைண்டர் மைக்ரோவேவ் இழுப்பதில் ஒரு சிறு பங்கைத்தான் இழுக்கும். கல்லைப் பயணத்தின்போது கழற்றித் துணியில் சுற்றித் தரையில் வையுங்கள். அலமாரியில் வைத்தால் வாஷிங்டன் மலைப்பாதையில் அது தானாகவே இறங்கிக்கொள்ளும்.

படி 6: யாருடைய கடிகாரம்?

அப்பாயின்ட்மென்ட் தவறுவதற்குப் பெரிய காரணம் மறதி இல்லை, நேர மண்டலம். அரிசோனா கோடைநேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நேஷன் பின்பற்றுகிறது. அந்த நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி நிலம் பின்பற்றுவதில்லை. யூட்டா எல்லையை ஒட்டிய பேஜ் ஊரில் கோடையில் தங்கினால், எந்த டவர் சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்பப் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். சவுத் டகோட்டாவில் ராப்பிட் சிட்டிக்கும் சூ ஃபால்ஸுக்கும் ஒரு மணி வித்தியாசம்; டென்னசியில் நாஷ்வில்லுக்கும் நாக்ஸ்வில்லுக்கும் அப்படியே; ஃப்ளோரிடாவின் மேற்கு ஓரமும் மற்ற ஃப்ளோரிடாவும் வேறு வேறு. காலண்டரில் பதியும்போது நேர மண்டலத்தையும் சேர்த்துப் பதியுங்கள். வீடியோ அப்பாயின்ட்மென்ட் என்றால், "உங்கள் நேரமா, என் நேரமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வீடியோ அப்பாயின்ட்மென்ட் இருக்கும் வாரத்தில் அடர்ந்த மரங்களுக்கு அடியில் சைட் எடுக்காதீர்கள். செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க்குக்குத் திறந்த வானம் வேண்டும். வேறு வேறு இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்வது செலவுதான், ஆனால் தேவை. பாங்க் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியாக வராத இடங்களும் உண்டு. முடிந்த கணக்குகளில் எல்லாம் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறிவிடுங்கள்.

படி 7: வீட்டையே சர்வீஸுக்கு விடும் நாள்

டாக்டருக்கு அடுத்தபடியாகக் கஷ்டமான அப்பாயின்ட்மென்ட் இதுதான். ஆர்வி டீலர்களின் பணிமனையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வண்டியைக் காலையில் விட்டால் மாலையில் தருவார்கள் என்ற நம்பிக்கையில் போகக் கூடாது. உதிரிப்பாகம் வர வேண்டும் என்று அங்கேயே மாதக்கணக்கில் நின்ற டிரெய்லர்கள் உண்டு, உள்ளே குடும்பத்தின் துணிமணியோடு.

அதனால் மூன்று விதி. வாரன்டி வேலை தவிர மற்ற எதற்கும் முதலில் மொபைல் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர் பம்ப், ஃபர்னஸ், ஸ்லைட் மோட்டார், கூரைக் கசிவு எல்லாவற்றையும் சைட்டிலேயே வந்து பார்ப்பார்கள். வரும் கட்டணம் தனி, மணிக்கணக்கு தனி. மாதக் கணக்கில் ஆட்கள் தங்கும் பார்க்கில், அலுவலகத்தில் கேட்பதைவிடப் பக்கத்து சைட்காரரிடம், "அண்ணே, இங்கே யார் நல்லாப் பார்ப்பாங்க?" என்பதற்கு நிகராக ஏதாவது ஆங்கிலத்தில் கேட்டால் சரியான ஆள் கிடைப்பார்.

இரண்டாவது, டீலரிடம் விட்டே ஆக வேண்டும் என்றால் பாகம் கைக்கு வந்த பிறகே வண்டியைக் கொண்டுவரச் சொல்லும்படி எழுத்தில் கேளுங்கள். பிரச்சினையைப் படமும் வீடியோவும் எடுத்து முன்கூட்டியே அனுப்பினால் பாகத்தை ஆர்டர் செய்ய அதுவே போதும்.

மூன்றாவது, உள்ளே தூங்க விடுவார்களா என்று கேளுங்கள். சில இடங்களில் வாசலில் மின் இணைப்போடு இரவு தங்க விடுவார்கள், பல இடங்களில் விடமாட்டார்கள். விடாவிட்டால் ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும்: மூன்று நாள் மருந்து, பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வண்டிப் பத்திரங்கள், லேப்டாப், மாற்றுத் துணி. செல்லப் பிராணி இருந்தால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, ஏனென்றால் அது இல்லாமல் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். காப்பீடு முழுநேர ஆர்வி வாசிகளுக்கான பாலிசி என்றால், விபத்தினால் வீடு இல்லாமல் போகும் நாட்களின் ஓட்டல் செலவை அது தருமா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்குப் போட்டுவைக்கும் பாலிசியில் அது பெரும்பாலும் இருக்காது.